மூன்று காலுக்கு நான்கு துளை

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் தன்னுடைய சர்க்யூட் போர்டின் வரைபடத்தை அனுப்பியிருந்தார். கோழிப்பண்ணையில் விசிறியை ஓட்டும் சின்ன போர்டு. இன்னும் கொஞ்சம் அளவைக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். கணினியில் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓரத்தில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அதன்மேல் மவுஸை வைத்ததும் கீழே பெயர் வந்தது: 'மூணுகால்_நாலுதுளை_வச்சுப்பாத்தது'.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

உடனே அவருக்குப் போன் போட்டேன். இது உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "யாரோ நெட்டுல போட்டிருந்தாங்க. நான் எடுத்தது இன்னொருத்தர்கிட்டங்க. பேரு என்னமோ வித்தியாசமா இருக்குது, ஆனா எந்த டிரான்சிஸ்டர் கெடச்சாலும் உக்காந்துக்குதுங்க" என்றார். அதை வரைந்தவள் என் சிநேகிதி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவரிடம் சொல்ல வராததை, அதை வரைந்த உன்னிடமே சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போர்டு வரைந்து கொடுக்கும் தொழிலுக்காக நாம் அந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்த புதிது ஞாபகம் இருக்கிறதா? தேனி பஜாரில், டயர் கடைக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் வேக்காடு. ஒரே கல்லூரியில் படித்து, ஆளுக்கொரு ஊரில் வேலை பார்த்து, கல்யாணமாகித் திரும்பி வந்தவர்கள் நாம். எனக்குப் புகுந்த வீடு போடி பக்கம். உன் கணவருக்கு லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை. தினமும் நீ அங்கிருந்து பஸ் ஏறி வருவாய். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பஸ் ஒவ்வொரு ஊராக நின்று நின்று வரும். நீ மடியில் கணினியை விரித்துவைத்துப் போர்டு வரைந்துகொண்டே வருவாயாம். பக்கத்தில் உட்காருகிறவர்கள் கோலமா என்று கேட்பார்களாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாயாம். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் இறங்கும் ஊர் வந்துவிடும் என்பாய்.

உண்மையில் பாதி வேலை கோலப்புள்ளி வைப்பதைப் போன்றதுதான். போர்டின் மேல் ஒவ்வொரு உதிரியும் கால் ஊன்றி நிற்க ஓர் இடம் வேண்டும். எத்தனை கால், எவ்வளவு இடைவெளி, துளை எவ்வளவு பெரிது, எந்தக் கால் எந்தத் துளையில் என்பதையெல்லாம் கணினியில் முன்கூட்டியே வரைந்து ஒரு பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். அதைத்தான் நம் தொழிலில் ஃபுட்பிரிண்ட் என்கிறோம். ஆயிரக்கணக்கில் இருக்கும். தேடி எடுத்துப் போர்டில் வைக்க வேண்டும். பெயர் ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருந்துவிட்டால், போர்டு அச்சாகிக் கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

நமக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு. அதுதான் நமக்கு வந்த முதல் பெரிய வேலை. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேவுக்கு இணையத்திலிருந்து எடுத்த ஃபுட்பிரிண்ட், யாரோ அடிப்பக்கம் பார்த்து வரைந்த படத்தை மேல்பக்கம் என்று நினைத்துப் போட்டது. இடம் வலமாக இருந்தது. வந்திறங்கிய போர்டு ஒன்றில்கூட ரிலே உட்காரவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ ரிலேவைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாய். கோபமே வரவில்லை உனக்கு.

"ஏடி, இத வரஞ்ச ஆளு ரிலேயக் கண்ணால பாத்திருக்கவே மாட்டான். படத்தப் பாத்து வரஞ்சிருக்கான். அவன் மேல தப்பில்ல. ஆனா பாக்கலண்டு பேருல சொல்லிருக்கணும்ல?"

அன்றிலிருந்து நம்முடைய தொகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வால் முளைத்தது. தயாரிப்பாளர் கொடுத்த படத்தை மட்டும் பார்த்து வரைந்தது என்றால் 'கேள்விப்பட்டது'. சரியான அளவில் காகிதத்தில் அச்சடித்து, நிஜமான உதிரியை அதன்மேல் வைத்துப் பார்த்துக் கால்கள் பொருந்தின என்றால் 'வச்சுப்பாத்தது'. பெயரை ஆங்கிலத்தில் வைக்கலாமே என்று நான் கேட்டேன். "அவசரத்துல நமக்கு எது புரியும்? வையி தமிழ்லயே" என்றாய். சென்னையிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நீயும் அவரோடு சேர்ந்து சிரித்தாய். ஆனால் மாற்றவில்லை.

அப்போதெல்லாம் நீ கெட்டிக்காரி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது கொரோனாவின் இரண்டாவது அலையில்தான்.

ஊரடங்கு. டயர் கடை சாத்திக் கிடந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் பஜாரில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா ஒருவர் நமக்குப் போன் செய்தார். அவருடைய அண்ணன் தோட்டத்து மோட்டாருக்கு நாம் போர்டு செய்து கொடுத்திருந்தோம், அந்தப் பழக்கம்.

"அம்மா, காத்துல இருந்து ஆக்ஸிஜன் எடுக்குற மெசின் வந்திருக்கு. நல்லவுக யாரோ கொடுத்தாக. கரண்டு ஏறி எறங்கி எல்லாத்துலயும் உள்ள இருக்குற போர்டு பொசுங்கிப்போச்சு. கம்பெனிக்குப் போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்குறாக. இங்கன படுக்க எடமில்லாம வராந்தாவுல படுத்திருக்காக. நீங்க ஒருக்கா வந்து பாக்குறீகளா?"

நமக்கு மருத்துவ இயந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். நீ போனை வாங்கி, "ஒரு பொசுங்குன போர்டக் கொடுத்துவிடுங்கம்மா" என்றாய்.

உன் கணவர் அனுமதிச் சீட்டு வாங்கி உன்னை வண்டியில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். கருகிய போர்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கம்பித் தடம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நீ வரைந்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்த இயந்திரத்துக்குள் இரண்டு உருளைகள். ஒன்று காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆக்ஸிஜனை வெளியே விடும். அந்த நேரத்தில் மற்றது தான் பிடித்துவைத்த நைட்ரஜனை வெளியேற்றும். பிறகு இரண்டும் மாறிக்கொள்ளும். நம் நுரையீரலைப் போல ஓயாமல் மாற வேண்டும். மாற்றிவிடுவது இரண்டு வால்வுகள். வால்வுகளைத் திறந்து மூடுவது ஆளுக்கொரு டிரான்சிஸ்டர். பொசுங்கியவை அந்த டிரான்சிஸ்டர்கள்தான். சுற்றியிருந்த தடங்களையும் அவை கூட்டிக்கொண்டு போயிருந்தன.

புதுப் போர்டை வீட்டிலேயே செய்துவிடலாம். தாளில் அச்சடித்து, செம்புத் தகட்டின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, அமிலத் தண்ணீரில் கரைத்து எடுக்க வேண்டியதுதான். ஆனால் டிரான்சிஸ்டருக்கு எங்கே போவது? கடை ஒன்றும் இல்லை, கூரியர் இல்லை. நம்மிடம் இருந்தது பழைய டி.வி., எமர்ஜென்சி விளக்கு, சார்ஜர் இவற்றிலிருந்து பிடுங்கி எடுத்தவை மட்டும்தான். கறுப்பாக, மூன்று காலோடு, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கால்களின் வரிசைதான் ஆளுக்கொரு விதம். எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால்கள். ஒரு வகையில் பேஸ் நடுவில் இருக்கும். இன்னொரு வகையில் கலெக்டர் நடுவில் இருக்கும். எந்த வகையில் எத்தனை தேறும் என்று நமக்கே தெரியாது. எதை நம்பித் துளை போடுவது?

வகைக்கொரு போர்டு செய்யலாம் என்றேன் நான். அமிலம் அவ்வளவுக்கு இல்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. தாளில் எ, பே, க என்று எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாய். திடீரென்று தலையைத் தூக்கினாய்.

"ஏடி, மூணு காலுக்கு எத்தன தொள வேணும்?"

"மூணு."

"நாலு வச்சா?"

தாளை என் பக்கம் திருப்பினாய். எ, பே, க, எ. நான்கு புள்ளிகள். முதலும் கடைசியும் ஒரே கம்பியில் சேர்ந்திருந்தன. பேஸ் நடுவில் இருக்கிற வகையென்றால் முதல் மூன்று துளை. கலெக்டர் நடுவில் இருக்கிற வகையென்றால் கடைசி மூன்று துளை. வரிசை தலைகீழாக இருந்தால் டிரான்சிஸ்டரை முகம் திருப்பிச் செருகினால் போதும். ஒரு துளைதான் கூடுதல். நம்மிடம் இருந்த அத்தனை வகையும் அந்த நான்கு துளைக்குள் அடங்கிவிட்டன.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்ன விஷயம். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைகூட வரவில்லை. மலையிலிருந்து முதல்முதலாகக் குழாய் வழியே தண்ணீர் இறங்கி வருவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நீயோ பெயர் வைப்பதில் மும்முரமாகிவிட்டாய். 'மூணுகால்_நாலுதுளை' என்று தட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, 'கேள்விப்பட்டது' என்று முடித்தாய்.

"ஏன், காகிதத்துல வச்சுப் பாத்தாச்சே?" என்றேன்.

"இது காகிதத்துல வச்சுப் பாக்குற சங்கதி இல்லடி. மூச்சு."

முதல் போர்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன மதியத்தை எப்படிச் சொல்வது? சாமான்கள் போட்டுவைக்கும் அறையில் அந்த இயந்திரங்கள் வரிசையாக நின்றன. வெளியே வராந்தாவில் ஒரு பெண்மணி சுவரில் சாய்த்துவைக்கப்பட்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின. பக்கத்தில் அவருடைய கணவர். வருசநாட்டில் இலவம்பஞ்சு, முந்திரி என்று தோட்டம் பார்ப்பவர். இருந்த ஒரே சிலிண்டர் வேறொருவருக்குப் போயிருந்தது. தேனி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள்; வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அவர் வாசலில் நின்று கேட்டார்: "தாயி, இந்த மெசினு ஓடிருமா?"

"பாப்போம்ணே" என்றாய் நீ. ஓடும் என்று சொல்லவில்லை.

போர்டைப் பொருத்தி சுவிட்சைப் போட்டோம். உள்ளே மோட்டார் உறுமியது. ஒரு வால்வு டக்கென்று மாறியது. இன்னொன்று மாறவே இல்லை, திறந்தபடியே நின்றது. ஆக்ஸிஜன் போதவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை. நீ விரலால் அந்த வால்வின் டிரான்சிஸ்டரைத் தொட்டாய். சட்டென்று கையை உதறினாய். கொதித்துக்கொண்டிருந்தது. நான் சுவிட்சை அணைத்தேன்.

"கால் மாறியிருக்கு" என்றாய்.

வாசலில் நின்றவர் பதறிப்போனார். "யாருக்குத் தாயி? யாருக்குக் கால் மாறியிருக்கு?"

"மனுசருக்கு இல்லண்ணே. இந்தா, இதுக்கு."

அந்த நேரத்திலும் நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகமூடிக்கு மேலே கண்களில் தெரிந்தது.

அந்த வகையின் கால் வரிசையை நாம் ஒரு பழைய அட்டவணையிலிருந்து எடுத்திருந்தோம். அது தவறு. நீ பையிலிருந்து அதே வகையில் இன்னொன்றை எடுத்து மீட்டரின் முனைகளை வைத்து ஒவ்வொரு காலாகத் தொட்டாய். கலெக்டர்தான் நடுவில் இருந்தது. சூடேறிய பழையதைக் கழற்றினாய். புதியதை முகம் திருப்பினாய். ஒரு துளை தள்ளிச் செருகினாய். அவ்வளவுதான். வேறு போர்டு செய்யவில்லை, எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. எந்த மூலையில் என்ன தவறு வரும் என்று தெரியாமலே, அது வந்தால் தாங்குவதற்கு ஓர் இடத்தை நீ முன்பே விட்டு வைத்திருந்தாய். அந்த இடத்தில் போய் அது அமைதியாக உட்கார்ந்துகொண்டது.

மறுபடியும் சுவிட்ச். டக். புஸ். டக். புஸ். இடது, வலது, இடது, வலது. விளக்கு சிவப்பாகவே இருந்தது. ஆக்ஸிஜன் சேரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். நீ தரையில் சம்மணம் போட்டு, இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போல. பிறகு விளக்கு பச்சையானது.

நர்ஸம்மா இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். குழாயை மாட்டினார். விரலில் மாட்டிய கருவியில் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. அந்தத் தோட்டக்காரர் மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, இழு. நல்லா இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். திரும்பி உன்னைப் பார்த்தால், நீ கணினியைத் திறந்து வைத்திருக்கிறாய். 'கேள்விப்பட்டது' என்பதை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, 'வச்சுப்பாத்தது' என்று தட்டிக்கொண்டிருக்கிறாய்.

எல்லா இயந்திரமும் பிழைக்கவில்லை. சிலவற்றில் மோட்டாரே போயிருந்தது. எல்லா மனிதர்களும் பிழைக்கவில்லை. போர்டு சரியாக இருந்தும், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தும் போனவர்கள் உண்டு. ஒருநாள் நர்ஸம்மா போனில் அழுதார். நீ போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாய். ஆனால் வருசநாட்டு அம்மா நடந்து வீட்டுக்குப் போனார். ஊரடங்கு தளர்ந்ததும் அவர் கணவர் ஒரு மூட்டை இலவம்பஞ்சோடு மாடியேறி வந்தார். நம் இரண்டு வீட்டிலும் தலையணைகள் புதிதாயின.

அந்தப் போர்டை அப்படியே இணையத்தில் போட்டாய். நம் பெயரைப் போடவில்லை. "யாருக்காச்சும் ஆகும்ல" என்றாய். அது எங்கெங்கே போயிற்றோ, எந்தெந்தப் போர்டில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறதோ, எனக்குத் தெரியாது. இன்று கோழிப்பண்ணையில் பார்த்தேன்.

பிறகு உனக்கு வந்தது ரத்தத்தில் வரும் நோய். மதுரைக்கும் லோயர் கேம்ப்புக்குமாக அலைந்தாய். முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நீ வரைந்த கடைசிப் போர்டு, திராட்சைத் தோட்டத்துச் சொட்டு நீருக்கானது. அதில் ஒரு ஃபுட்பிரிண்ட் மட்டும் முடிக்காமல் இருந்தது. நான் முடித்தேன். நீ பார்த்திருந்தால் இன்னும் அரை மில்லிமீட்டர் தள்ளச் சொல்லியிருப்பாய்.

உன் காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து லோயர் கேம்ப்புக்குப் போயிருந்தேன். உன் கணவர் என்னைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப்போனார். மலையிலிருந்து இறங்கி, மின் நிலையத்தைக் கடந்து வந்த தண்ணீர் பாலத்துக்குக் கீழே விரைந்துகொண்டிருந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா நெனைக்காதீக. அவ என்ன வேல பாத்தாண்டு எனக்கு இன்ன வரைக்கும் சரியாத் தெரியல. போர்டு வரையிறாண்டு ஊருக்கெல்லாம் சொல்லுவேன். மத்தவுக கேட்டா அதுக்கு மேல சொல்லத் தெரியாது. அவகிட்ட கேக்கவும் கூச்சமாயிருச்சு. இத்தன வருசங் கழிச்சு என்னண்டு கேக்குறது? நீங்க சொல்றீகளா?"

என் கைப்பையில் எப்போதும் நாலைந்து டிரான்சிஸ்டர்கள் கிடக்கும், தொழில் அப்படி. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் நான்கு புள்ளி வைத்தேன். எ, பே, க, எ. ஆஸ்பத்திரி மதியத்தை முதலிலிருந்து சொன்னேன். அவருக்கு நீ அங்கே போனது தெரியும். என்ன செய்தாய் என்பது தெரியாது. மெசின் ரிப்பேர் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். ஒரு டிரான்சிஸ்டரை அவர் கையில் கொடுத்தேன். முதல் மூன்று புள்ளியில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். முகம் திருப்பி, ஒரு புள்ளி தள்ளி வைத்தார். மறுபடியும் முதலில் வைத்தார். அந்தப் பெரிய விரல்களுக்குள் அது பிடிபடாமல் நழுவியது. மறுபடியும் எடுத்து வைத்தார்.

"இந்த நாலாவது தொளைய..." என்று ஆரம்பித்தார்.

"அவதான் வச்சா" என்றேன்.

நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்களில் நீர் ஓடிக்கொண்டிருக்க, வாய் கொள்ளாமல் சிரித்தார். "என் பொண்டாட்டியா?" என்று கேட்டார். தெரிந்த பதிலை இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டவர் போல மறுபடியும் கேட்டார். "என் பொண்டாட்டியா வச்சா?"

டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுக் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட வேண்டும். இந்த முறை பாதியில் வைக்க மாட்டேன். எனக்கு நீ விட்டுப்போன வேலை இதுதான் என்று எப்போதோ புரிந்துவிட்டது: நீ யார் என்று தெரியாமல் உன்னுடையதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரிடமும், அகப்படுகிறபோதெல்லாம், உன்னைச் சொல்லிவிடுவது. பெயரைச் சொல்வேன். ஊரைச் சொல்வேன். லோயர் கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வருவாள், மடியில் வரைந்துகொண்டே வருவாள் என்பேன். கேட்பவர் நம்பாவிட்டால், ஒரு தாளை எடுத்து நான்கு புள்ளி வைக்கச் சொல்வேன்.